பச்சை மையும் பழைய பிரவுசரும்

2016ஆம் ஆண்டு ஜூலை 19, செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி 20 நிமிடம். திருவண்ணாமலையில் வானம் மூடிக்கிடந்தது. தூறல் இல்லை, காற்றும் இல்லை, புழுக்கம் மட்டும் இருந்தது. அன்று பௌர்ணமி. செங்கம் சாலையில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே காலையிலேயே கிரிவலக் கூட்டம் நகரத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் கீழ்பென்னாத்தூர் உதவி மையத்தின் கணினி இயக்குநர் கலைவாணி போன் செய்தார்.

"சார், அக்கா தங்கச்சி ரெண்டு பேரு அப்ளிகேஷன் போட வந்திருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் வந்திருக்குதுங்க. ஒரே வீடுன்றதால அப்படித்தான் வருமா?"

"ஒரே வீட்டுக்கு ஒரே நம்பர் குடுக்க இது என்னம்மா ரேஷன் கார்டா?"

"நானும் அப்படித்தான் யோசிச்சேன் சார். ஆனா நேத்து வந்தவங்க எல்லாம் வேற வேற ஊருங்க. அவங்களுக்கும் ஒரே நம்பர்தான் வந்துச்சு, அது வேற நம்பர். ஒரே சென்டர்ன்றதால இருக்கும்னு வுட்டுட்டேன்."

"நேத்து எத்தனை பேரு?"

"இருபத்திமூணு."

அது பெண்களுக்கான அரசுப் பயிற்சி ஒன்றின் விண்ணப்பம். செவிலியர் உதவியாளர் படிப்பு, இரண்டு வருடம். விடுதி, சாப்பாடு, சீருடை எல்லாம் இலவசம். துறையின் பெயர் இங்கே வேண்டாம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் அன்றுதான். மாலை ஐந்து மணிக்கு இணையதளம் தானாக மூடிக்கொள்ளும். அப்படி மூடிக்கொள்ளும்படி எழுதியவன் நான்.

எங்கள் தளம் விண்ணப்ப எண்ணை வைத்துத்தான் விவரங்களைச் சேமிக்கும். ஒரே எண்ணில் இருபத்துமூன்று பேர் என்றால் ஒருவர்மேல் ஒருவராக எழுதப்பட்டு, கடைசியாக வந்தவர் மட்டும் மிஞ்சியிருப்பார். திறந்து பார்த்தேன். அப்படியே இருந்தது. மீதி இருபத்திரண்டு பெண்கள், விண்ணப்பித்துவிட்டோம் என்று நம்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் பிரியா. அன்று எங்களிடம் சேர்ந்து எட்டு மாதமே ஆகியிருந்த பெண். இன்று அலுவலகத்தை நடத்துகிறவர் அவர்தான். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் போன் செய்தார்.

"சார், பழைய பிரவுசருக்காக நீங்க எழுதினது மட்டும் நாலாயிரத்து நூத்திப் பன்னண்டு வரி இருக்குது. இன்னைக்கு மொத்தமா தூக்கப் போறேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யலாம்னு."

"நாலாயிரத்து நூத்திப் பதினாலு," என்றேன்.

"ரெண்டு காலி வரி சார், அதை நான் எண்ணலை. அது போகட்டும், அரசுச் சின்னத்துக்குப் பின்னாடி எதுக்கு சார் ஒரு சாம்பல் கலர் பெட்டி வெச்சிருக்கீங்க? புதுசா சேர்ந்தவங்க சிரிக்கிறாங்க. எனக்குச் சொல்லத் தெரியலை. எழுதிக் குடுத்துடுங்களேன்."

சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். எழுதித் தருகிறேன்.

நான் படித்தது கணிதம். ஆறு வருடம் டியூஷன் எடுத்தேன். பிறகு ஒரு தட்டச்சுப் பள்ளியில் கணக்கு எழுதப் போனேன். அங்கே தட்டச்சு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியேறி, கணினிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. வந்ததை வீணாக்காமல் கற்றுக்கொண்டேன். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு காபிக் கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து, இணையதளம் கட்டித்தரும் தொழிலைத் தொடங்கினேன். மொத்தம் முப்பத்தொரு அரசுத் தளங்கள். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது அந்த நீல நிற ஆங்கில 'இ' எழுத்தைப் பற்றி. அதுதான் அரசு அலுவலகங்களில் இருந்த பிரவுசரின் சின்னம். அதிலும் ஆறாம் பதிப்பு. உலகம் அதைக் கைவிட்டுப் பல வருடம் ஆன பிறகும் எங்கள் மாவட்ட அலுவலகங்கள் கைவிடவில்லை. சோம்பல் என்று யாரும் நினைக்க வேண்டாம். சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள் அந்த ஆறாம் பதிப்பில் மட்டும்தான் வேலை செய்தது. பிரவுசரைப் புதுப்பித்தால் சம்பளம் நின்றுவிடும். சம்பளம் நின்றுவிடும் என்றால் எந்த அலுவலகத்தில் யார் புதுப்பிப்பார்?

ஆகவே நாங்களும் அதே பிரவுசரோடு ஒரு பழைய கணினியை மூலையில் வைத்திருந்தோம். அதற்குப் 'பெரியவர்' என்று பெயர். எதைக் கட்டினாலும் முதலில் பெரியவரிடம் காட்டுவோம். அவருக்குப் பிடிக்காதது நிறைய. பட்டியலில் ஏழு தலைப்புகள் வைத்தால் ஏழாவது கீழே விழுந்துவிடும். மூலைகளை வளைத்தால் நேராக்கிவிடுவார். பின்னணி இல்லாத படம் போட்டால், படத்துக்குப் பின்னால் தன் சொந்தச் செலவில் ஒரு சாம்பல் பெட்டி வைப்பார். ஒருமுறை கீழே காபி குடிக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கழிப்பறை தேடி மாடிக்கு வந்தார். பெரியவரைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துவிட்டார். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார். தன் நாட்டில் அவர் இதே வேலைதான் பார்த்தவராம். தொட்டும் பார்த்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்தான். அன்று மாலைக்குள் நான் பெரியவரிடம் ஒப்புதல் வாங்கவேண்டிய பக்கங்கள் பதினொன்று இருந்தன.

இனி ஏகாம்பரம் சார். வேங்கிக்காலில் துறையின் மாவட்ட அலுவலர். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒரு சின்ன ஸ்கேல். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. வாசலில் நிற்கும் கடைநிலை ஊழியர்வரை எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். முடியாது என்ற சொல்லை அவர் சொன்னதே இல்லை. "பார்க்கலாங்க" என்பார். அதற்குப் பிறகு பார்க்க எதுவும் இருக்காது.

இணையதளத்துக்கு ஒப்புதல் தர அவரிடம் ஒரு முறை இருந்தது. திரையில் பார்க்கமாட்டார். "திரை இன்னைக்கு ஒண்ணு காட்டும், நாளைக்கு ஒண்ணு காட்டுங்க" என்பார். ஒவ்வொரு பக்கத்தையும் அவருடைய கணினியிலிருந்தே அச்செடுக்கவேண்டும். அச்செடுத்த தாளை மேசையில் விரித்து, ஸ்கேலை வைத்து, சின்னம் மேலிருந்து எத்தனை சென்டிமீட்டர், தலைப்பு இடமிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளப்பார். அளந்ததைப் பென்சிலால் ஓரத்தில் குறிப்பார். பிறகு பச்சை மையில் கையெழுத்து. ஒரு பக்கத்துக்கு ஒரு தாள், ஒரு தாளுக்கு ஒரு கையெழுத்து. கையெழுத்தான தாளில் எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் தளம் இருக்கவேண்டும். பச்சைக் கையெழுத்து இல்லாமல் ஓர் எழுத்தைக்கூட கணினிப் பிரிவு ஏற்றாது.

அவருடைய கணினியில் இருந்ததும் ஆறாம் பதிப்புதான். ஆகவே முதல் தாளிலேயே சின்னத்துக்குப் பின்னால் சாம்பல் பெட்டி வந்துவிட்டது. நான் பதறிப்போய், "சார், இது பிரவுசர் செய்யற கோளாறுங்க, சரிபண்ணிடறேன்," என்றேன்.

அவர் தாளைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இருக்கட்டுங்க. ஃபிரேம் போட்டு மாட்டின மாதிரி லட்சணமா இருக்குது," என்று கையெழுத்திட்டுவிட்டார்.

மூன்றாவது வாரம் சென்னைக்குப் போனவர், அங்கே மேலதிகாரியின் அறையில், புதிய பிரவுசரில் தளத்தைப் பார்த்திருக்கிறார். அங்கிருந்தே போன்.

"ஃபிரேமை ஏங்க எடுத்தீங்க?"

"நான் எடுக்கலைங்க சார். புது பிரவுசர்ல அது வராது."

"நான் கையெழுத்துப் போட்டதுல இருந்துச்சுங்களே."

நல்ல பிரவுசர்களிலும் அந்தக் கோளாறு தெரியவேண்டும் என்று, அதே அளவில், அதே சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டியைக் கைப்பட எழுதிச் சேர்த்தேன். முப்பத்தெட்டு வரி. தளம் பழைய பிரவுசரில் சரியாகத் தெரிய வேலை செய்தவர்கள் ஊரெல்லாம் உண்டு. புதிய பிரவுசரில் தவறாகத் தெரிய வேலை செய்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். பிரியாவிடம் புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரித்தது இதற்குத்தான்.

ஆனால் அந்த அச்சுத்தாள் முறையில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் இருந்தது. ஒரு பக்கம், ஒரு தாள், ஒரு கையெழுத்து. விண்ணப்பப் பக்கத்தை நிரப்பினோம், எண் வந்தது, அச்செடுத்தோம், அவர் கையெழுத்திட்டார், முடிந்தது. அதே கணினியில் இரண்டாவதாக ஒரு விண்ணப்பத்தை யாருமே நிரப்பிப் பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கையெழுத்து வாங்கியதும் சோதனை முடிந்தது என்று எல்லோருமே பழகிப்போயிருந்தோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெளிப்பட்டது அதுதான். ஆறாம் பதிப்பிடம் ஒரு குணம். ஒரு கேள்வியை ஒருமுறை கேட்டு வரச்சொன்னால் போய்க் கேட்டுவரும். அதே கேள்வியை மறுபடி கேட்டு வரச்சொன்னால், வராந்தாவரை போய் நின்றுவிட்டு, முதலில் வந்த பதிலையே திரும்பச் சொல்லும். 'அடுத்த விண்ணப்ப எண் என்ன?' என்பது எங்கள் தளத்தின் கேள்வி. காலையில் முதல் பெண்ணுக்கு வந்த பதிலையே மாலைவரை இருபத்துமூன்று பேருக்கும் சொல்லியிருக்கிறது. பிரவுசரை மூடித் திறந்தால் மட்டும் புதிதாகப் போய்க் கேட்கும்.

"மத்த சென்டர்ல எல்லாம் ஏன் சார் ஒழுங்கா வந்துச்சு?" என்று பிரியா கேட்டார்.

நானும் அதைத்தான் யோசித்தேன். ஒவ்வொரு மையமாகப் போன் செய்தேன். எல்லா இடத்திலும் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. போகும்போதெல்லாம் கணினி அணைந்து, பிரவுசர் புதிதாகத் திறந்து, புதிதாகக் கேட்டிருக்கிறது. சிலர் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பிரவுசரை மூடும் பழக்கக்காரர்கள். கீழ்பென்னாத்தூர் மையத்துக்கு மட்டும் யாரோ புண்ணியவான் புது யூ.பி.எஸ். வாங்கிக் கொடுத்திருந்தார். அது நாள் முழுக்க ஒரு நொடிகூட அணையவில்லை. மாவட்டத்திலேயே வசதியான மையம் அது. மையம் திறந்ததும் அந்தத் திங்கட்கிழமைதான்.

திருத்தம் ஒரே ஒரு வரி. கேள்வியின் வாலில் அந்த நேரத்தின் நொடியை ஒட்டிவிட்டால், ஒவ்வொரு முறையும் புதிய கேள்வி என்று நினைத்து ஓடிப்போய்க் கேட்டுவரும். பெரியவரிடம் ஐந்து முறை கேட்டுப் பார்த்தேன். ஐந்து எண்கள் வந்தன. அதற்குள் கலைவாணியிடம், பிரவுசரை மூடித் திறந்து முதலில் அந்த அக்கா தங்கையை முடித்து அனுப்புங்கள், பிறகு நேற்று வந்த இருபத்திரண்டு பேருக்கும் போன் போடுங்கள் என்றேன். தன் தினப்படிக் கணக்குக்காக, வந்தவர்களின் பெயரையும் போன் எண்ணையும் அவர் குறித்து வைத்திருந்தார்.

"அவங்க வரலைன்னா நானே போட்டுடட்டுங்களா சார்?"

"மார்க் ஷீட்டு, ஜாதிச் சான்று, போட்டோ, கையெழுத்து எல்லாம் வேணும்மா. நேர்ல வந்தாத்தான் ஆகும்."

"பௌர்ணமி சார் இன்னைக்கு. பஸ்ஸு வேனு எல்லாம் உங்க ஊருக்குத்தான் வந்திருக்குது. இங்க ஒரு ஷேர் ஆட்டோகூட இல்ல."

மாவட்டம் முழுக்க வேறு மையங்களிலும் யாராவது அடுத்தடுத்து நிரப்பிக்கொண்டிருக்கலாம். ஆகவே திருத்தத்தை உடனே ஏற்றியாகவேண்டும். என் மொபெட்டில் சந்துபொந்தெல்லாம் புகுந்து வேங்கிக்கால் போய்ச் சேர்ந்தபோது 11.35. வழக்கமாக அது பதினைந்து நிமிட வழி.

ஏகாம்பரம் சார் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "பக்கத்துல என்னங்க மாறுது?" என்றார்.

"பார்க்கறதுக்கு ஒண்ணுமே மாறாதுங்க சார்."

"மாறாததுக்கு எதுக்குங்க கையெழுத்து?"

"கையெழுத்து இல்லாம மாத்த முடியாதுங்களே."

"மாறலைன்னும் சொல்றீங்க, மாத்தணும்னும் சொல்றீங்க."

"சார், இருபத்திரண்டு பொண்ணுங்க."

"தெரியுதுங்க. அதுக்காகத்தான் சரியா செய்யணும்ங்கறேன்."

அச்செடுக்கச் சொன்னார். புதிய தாளையும் பழைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தார். சின்னம், தலைப்பு, பெட்டி, அடிக்கோடு. அப்புறம் எழுந்துபோய், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. உட்கார்ந்து, பச்சைப் பேனாவைத் திறந்து, அழகான கையெழுத்தில் எழுதினார்:

'மாற்றம் ஏதும் இல்லை. மாற்ற அனுமதிக்கப்படுகிறது.'

இதைவிடச் சரியான தொழில்நுட்ப அறிக்கையை நான் இன்றுவரை படிக்கவில்லை. கணினிப் பிரிவு பன்னிரண்டே காலுக்கு ஏற்றிவிட்டது.

கிளம்பும்போது, "கடைசி நேரத்தை நாளைக்கு நீட்டிக்க முடியுங்களா சார்?" என்று கேட்டேன்.

"நேரம் நான் வெச்சது இல்லைங்க, மேல வெச்சது. கேட்டுப் பார்க்கறேன்." என் முன்னாலேயே சென்னைக்கு மூன்றுமுறை போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. அப்புறம் டிரைவரைக் கூப்பிட்டார். "உதவி மைய ஆய்வுக்கு ஜீப்பு கீழ்பென்னாத்தூர் போகட்டுங்க. சாரும் அந்தப் பக்கம்தான் போறாரு." ஆய்வு செய்ய அதிகாரி யாரும் அதில் ஏறவில்லை. நான் மட்டும் ஏறினேன்.

ஜீப்பு என்னைக் கீழ்பென்னாத்தூரில் இறக்கிவிட்டுத் திரும்பியபோது ஒன்று இருபது. கலைவாணி இருபது பேரைப் பிடித்திருந்தார். எட்டுப் பேர் பக்கத்து ஊர்க்காரர்கள், தாமே வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களை அழைத்துவர வண்டி வேண்டும். ஒரு பள்ளிக்கூட வேன்காரரைப் பிடித்தேன்.

"இன்னைக்கு பௌர்ணமி ரேட்டு சார்."

"நான் மலை சுத்த வரலைங்க. வேட்டவலம் ரோட்டுப் பக்கம்தான் போகணும்."

"ரோடு எதுவானாலும் தேதி அதானே சார்?"

நாலாயிரத்து ஐநூறு கேட்டார். பேரம் பேச நேரம் இருந்தால் மூவாயிரத்துக்கு முடித்திருப்பேன். திருவண்ணாமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இரண்டு ஆட்டோக்களை நடுரோட்டில் நின்று மறித்தேன். வேர்க்கடலை வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, அவள் மாமாவே டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் முழங்கால்வரை செம்மண்ணோடு வந்து நின்று, "நேத்தே போட்டுட்டேனே சார், திரும்ப எதுக்கு? நேத்து பாஸானேனா ஃபெயிலானேனா?" என்று கேட்டாள். கலைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர்களுக்கு டீயும் பன்னும் சொன்னேன். கலைவாணி ஒரு விண்ணப்பத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தார். ஒரே கணினி என்றால் இருபத்திரண்டு பேருக்கு நாலரை மணி நேரம் ஆகும். கணக்கு உதைத்தது. எதிரிலிருந்த பிரவுசிங் சென்டரின் இரண்டு கணினிகளையும் சேர்த்துக்கொண்டோம். அங்கே நானே உட்கார்ந்து தட்டினேன். மூன்றே காலுக்குப் பதினாறு பேர் முடிந்திருந்தார்கள். நான்கு பேர் வரிசையில். போனில் கிடைக்காத இருவரில் ஒருத்தியின் அண்ணன் சேதி கேட்டு அவளைச் சைக்கிளில் வைத்து அழைத்துவந்துவிட்டான்.

இருபத்தொன்று. மீதி ஒன்று.

தஸ்லிமா. மெத்தை தைக்கும் ஜமால் பாயின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் ஆயிரத்து நாற்பத்தாறு. கொடுத்திருந்த எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. வீடு அதே ஊரில் நாலு தெரு தள்ளித்தான். மீதிப் பேரைக் கலைவாணியிடம் விட்டுவிட்டு ஓடினேன். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் அவள் அம்மா முனிரா மட்டும் இருந்தார். போன் மூட்டைக்கு அடியில் கிடந்தது.

"அவ இல்லீங்களே. அவங்க அப்பாகூட திருவண்ணாமலை போயிருக்குது. பௌர்ணமிக்கு பௌர்ணமி கடை போடுவாங்க. மெத்தை தெச்சு மிச்சமான துணியில சின்னச் சின்ன விரிப்பு, நடக்கறவங்க உக்கார்றதுக்கு."

"எந்த இடத்துல?"

"நிருதி லிங்கத்துகிட்டங்க."

கிரிவலப் பாதையில், எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்துபோகிற தூரம். நான் காலையில் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நல்லவேளை, லேண்ட்லைனில் பிரியா எடுத்தார். முனிரா எடுத்துத் தந்த அவள் சான்றிதழ்கள் இங்கே என் கையில், ஆள் அங்கே. ஆளை அலுவலகத்துக்கு அழைத்துவந்து போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கி ஏற்றவேண்டும். மற்ற எண்களை நான் போனில் படித்துச் சொல்வேன். "பௌர்ணமிக்கு டவர் கிடைக்காது சார், செல்லுல பிடிக்க முடியாது. நானே ஓடறேன்," என்று பிரியா கிளம்பியபோது மணி மூன்று ஐம்பது.

அதன்பிறகு நடந்ததைப் பிரியா பின்னர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போகும்போது கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டார். கடைகள் வரிசையாக நூற்றுக்கணக்கில். ஜமால் பாயைக் கண்டுபிடித்தபோது நாலு முப்பத்தைந்து. திரும்பும்போதுதான் வினை. எல்லோரும் ஒரு திசையில்தான் மலையைச் சுற்றுவார்கள். இவர்கள் இருவரும் எதிர்த்திசையில் வரவேண்டும். சாலை நிறையத் தலை. ஒதுங்கி நடக்கவும் இடமில்லை, ஓரமெல்லாம் கடை.

"ஏம்மா, எதிர்ப்பக்கமா சுத்துறீங்களே, புத்தி இருக்குதா?"

"சுத்தலைங்க, ஆபீஸுக்குப் போறோம்!"

"பௌர்ணமி அன்னைக்கு என்னாம்மா ஆபீஸு?"

ஒரு அம்மாள் தஸ்லிமாவின் தோளைப் பிடித்து, நல்லெண்ணத்தோடு, சரியான திசைக்குத் திருப்பியே விட்டாராம்.

நான்கு ஐம்பத்தாறுக்கு லேண்ட்லைனில் பிரியாவின் மூச்சு கேட்டது. "வந்துட்டோம் சார். சொல்லுங்க." பஞ்சு மூட்டையில் உட்கார்ந்துகொண்டு படித்தேன். பதிவு எண், மதிப்பெண், சான்றிதழ் எண், தேதி. அங்கே போட்டோ எடுத்தார்கள். முனிரா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கைக்கடிகாரத்தில் நான்கு ஐம்பத்தொன்பது. போட்டோ ஏறிக்கொண்டிருந்தது. பௌர்ணமி நாளின் இணைய வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"அழுத்திட்டேன் சார்," என்றார் பிரியா.

"என்னம்மா வந்துச்சு?"

"நீங்க எழுதினதுதான் சார் வந்துச்சு. 'விண்ணப்பிக்கும் காலம் முடிவடைந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.'"

"ஆயிடுச்சாங்க?" என்று முனிரா கேட்டார்.

ஏகாம்பரம் சாருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அவர் அன்றே ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதி, மறுநாள் தாமே சென்னைக்கு எடுத்துப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு வரி பதில் வந்தது. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாமாம். மற்ற இருபத்தொரு பேரில் ஒன்பது பேருக்கு இடம் கிடைத்தது. அந்த ஒன்பது பேரில் ஆறு பேருக்குத் தஸ்லிமாவைவிட மதிப்பெண் கம்மி. அவள் விண்ணப்பம் மட்டும் போய்ச் சேர்ந்திருந்தால் இடம் உறுதி. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பட்டியல் வந்த வாரம் ஜமால் பாயை மகளோடு அலுவலகத்துக்கு வரச்சொன்னேன். அதே படிப்பு தனியார் பள்ளி ஒன்றிலும் இருந்தது. அங்கே சேர இன்னும் நாள் இருந்தது. விசாரித்து வைத்திருந்தேன். முதல் வருடக் கட்டணத்தை நான் கட்டுகிறேன் என்றேன்.

பாய் சட்டென்று எழுந்துவிட்டார். "இன்னா சார் இது? மிஷின் தப்பு பண்ணுச்சு. அதுக்கு நீங்க இன்னாத்துக்குத் துட்டு கட்டணும்?"

"மிஷினுக்கு பேங்க்கு அக்கவுன்ட்டு இல்லீங்க பாய்."

"வேணாம் சார். ஒரு வருஷம் வீட்ல இருக்கட்டும், வர்ற வருஷம் பார்த்துக்கலாம்."

தஸ்லிமா வாயைத் திறந்தாள். "ஒரு வருஷம் வீட்ல இருந்தா எனக்கு மெத்தை தெக்கத்தான் வரும்ப்பா. அன்னைக்கு எதிர்ப்பக்கமா நடந்ததுக்கு எத்தனை பேரு திட்டினாங்க தெரியுமா? சார் கட்டறேன்றாரு, கட்டட்டும்."

பிரியா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். பாய் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார். இரண்டாம் வருடக் கட்டணத்தை அவர் என்னைத் தொடவிடவில்லை. தஸ்லிமா இப்போது வேலூரில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். மூத்த செவிலியர்களையே அதட்டுகிறாளாம்.

துறையில் யாரும் என்னிடம் பணம் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விதியும் இல்லை. என் மனைவிதான் அவ்வப்போது கேட்பார். "ஒரு வரிக்கு எவ்ளோங்க ஆச்சு மொத்தம்?" பட்டென்று சொல்லிவிடுவேன். வேன் நாலாயிரத்து ஐநூறு. ஆட்டோக்கள் ஆயிரத்து எண்ணூறு. டிராக்டர் டீசல் எழுநூறு. டீயும் பன்னும் அறுநூற்று அறுபது. கலைவாணியின் போனுக்கு ஐம்பது. பள்ளிக் கட்டணம் நாற்பத்தெட்டாயிரம். சீருடை, புத்தகம் இரண்டாயிரத்து எழுநூறு. ஆக மொத்தம் ஐம்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய்.